தேர்வுக்கு முந்தைய ஐந்து வருஷங்கள்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே, சங்கத்தின் தலைவர், செயலாளர் அவர்களே, எனக்குப் பாடம் சொல்லித் தந்த ஆசிரியப் பெருமக்களே, என்னோடு படித்த தோழர் தோழியரே, பின்வரிசையில் கதவோரமாக இடம் பிடித்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பின்வரிசைக்காரர்களைத் தனியாகக் கூப்பிட்டதற்குக் காரணம் உண்டு. இந்தப் பேச்சில் பாதி உங்களுக்கு. மீதிப் பாதி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரர்களுக்கு. போன மாதம் செயலாளர் போன் செய்து, "அக்கா, பி.பி. ஆகணும், ஏ.பி.பி. ஆகணும்னு இப்ப நிறையப் பிள்ளைங்க கேக்குறாங்க. நீங்க இருபத்தெட்டு வருஷம் அந்த வேலையில இருந்தவங்க. அரை மணி நேரம் பேசுங்க" என்றார். சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா என்று கேட்டேன். முன்பு என்றார். ஆகவே அரை மணி நேரத்தைத் தாண்ட மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.

நான் 1986-இல் இங்கிருந்து பி.எல். முடித்து வெளியே போனவள். ஏழு வருஷம் ஒரு சீனியரிடம் ஜூனியர். 1993-இல் அரசு உதவி வழக்கு நடத்துநர், அதாவது ஏ.பி.பி. 2021-இல் ஓய்வு. என் வாழ்க்கைக் குறிப்பு அவ்வளவுதான்.

மாணவர்கள் என்னைப் பார்த்தால் முதலில் கேட்பது, "மேடம், எந்த புக் படிக்கணும்? எந்த கோச்சிங் நல்லா இருக்கும்?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு வருவதற்குமுன், பாதை எப்படி இருக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

நீதித்துறை நடுவர் கோர்ட்டில் அரசுத் தரப்பில் வழக்கு நடத்துகிறவர் ஏ.பி.பி. நம் மாநிலத்தில் இதற்கு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு வைத்து ஆள் எடுக்கிறது. 2021-ஆம் ஆண்டு அறிவிக்கையைப் பார்த்தால், பி.எல். பட்டம் வேண்டும், வழக்கறிஞராகப் பதிவு செய்திருக்க வேண்டும், குற்றவியல் நீதிமன்றங்களில் ஐந்தாண்டுக்குக் குறையாமல் தொழில் செய்திருக்க வேண்டும் என்று இருக்கும். அமர்வு நீதிமன்றத்தில் வழக்கு நடத்துகிறவர் பி.பி. அல்லது கூடுதல் பி.பி. அதற்கு ஏழாண்டு வழக்கறிஞர் அனுபவம். மாவட்ட ஆட்சியர், அமர்வு நீதிபதியைக் கலந்து பட்டியல் தயாரிப்பார். அதிலிருந்து அரசு நியமிக்கும். ஒரு குறிப்பிட்ட வழக்குக்கென்று போடப்படும் சிறப்பு பி.பி.க்குப் பத்தாண்டு. இவர்களுக்கெல்லாம் மேலே வழக்குத் தொடர்வு இயக்குநர் என்று ஒருவர் உண்டு. அவருக்குப் பதினைந்தாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும், அல்லது அமர்வு நீதிபதியாக இருக்கவோ இருந்திருக்கவோ வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 24, 25, 25-ஏ என்று படித்தோமே, அவைதான் இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 18, 19, 20.

கவனித்தீர்களா? ஐந்து, ஏழு, பத்து, பதினைந்து. எல்லாப் படியிலும் சட்டம் கேட்பது வருஷங்களைத்தான். மதிப்பெண்ணை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தவில்லை. அது ஏன்? அந்த ஐந்து வருஷத்தில் அப்படி என்னதான் நடக்கிறது? நான் முன்னே சொன்ன கேள்வி இதுதான்.

ஒரு சின்ன வரலாறு சொன்னால் விளங்கும். ஒரு காலத்தில் நடுவர் கோர்ட்டுகளில் போலீஸ் அதிகாரிகளே அரசுத் தரப்பில் வழக்கு நடத்தினார்கள். புலன்விசாரணை செய்வதும் போலீஸ், கோர்ட்டில் வாதாடுவதும் போலீஸ். இது சரியில்லை, இரண்டையும் பிரிக்க வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 14-ஆவது அறிக்கையில் 1958-இல் சொன்னது. 1973-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது, போலீஸ் அதிகாரி ஏ.பி.பி. ஆகத் தகுதியற்றவர் என்பது பொதுவிதியாயிற்று. அப்புறமும் சில மாநிலங்களில் ஏ.பி.பி.க்கள் காவல் துறையின் கட்டுப்பாட்டிலேயே இருந்தார்கள். மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் 1995-இல் உச்ச நீதிமன்றம், அவர்களைத் தனித்துறையாக்கு என்று அந்த அரசுக்கு உத்தரவிட்டது. ஆக, இந்தப் பதவி உண்டானதே போலீஸுக்கும் கோர்ட்டுக்கும் நடுவில், இரண்டு பக்கத்துக்கும் கட்டுப்படாத ஒரு வக்கீலை நிறுத்துவதற்காகத்தான். அந்த வக்கீலின் கண் தேர்வு அறையில் திறக்காது. ஐந்து வருஷம் கோர்ட்டில் நின்றால்தான் திறக்கும்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். என் சீனியர் முழுக்க முழுக்க எதிரித் தரப்பு வக்கீல். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு, 'எதிரி' என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்; நம் ஊர் கோர்ட் தமிழ் அது. புதுக் கட்டு வந்தால் என்னிடம் தூக்கிப் போடுவார். "குற்றப்பத்திரிகையைக் கடைசியில படிம்மா. அது அவங்க சொல்ற கதை. முதல்ல மூணு நேரம் பாரு" என்பார். சம்பவம் நடந்த நேரம், எஃப்.ஐ.ஆர். போட்ட நேரம், அந்த எஃப்.ஐ.ஆர். நடுவர் கைக்குப் போன நேரம். "அப்புறம் ஆஸ்பத்திரி ஏ.ஆர். காப்பியைப் பாரு. அடிபட்டவன் டாக்டர்கிட்ட முதல்ல என்ன சொன்னான்னு அதுல இருக்கும். அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம்." ஏழு வருஷம் இதே வரிசையில் கட்டுப் படித்தேன். அரசுத் தரப்பில் எங்கே ஓட்டை விழுகிறது என்று எதிர்ப் பக்கத்திலிருந்து பார்த்துப் பார்த்துப் பழகினேன். பி.பி. ஆக விரும்புகிறவர்கள் எதிரித் தரப்பில் ஜூனியராக இருக்கலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். தாராளமாக இருங்கள். அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

இன்னொன்று, பாஷை. இங்கே மூட் கோர்ட்டில் நன்றாகப் பேசுகிறீர்கள், கைதட்டினேன். ஆனால் மூட் கோர்ட்டில் சாட்சி கிடையாது. நிஜ கோர்ட்டில் எல்லாமே சாட்சிதான். அவர் நம் பாஷையில் பேச மாட்டார். ஒரு பாட்டி, "விளக்கு வைக்கிற நேரம், ஒரு கூப்பிடு தூரத்துல நின்னு பார்த்தேன்" என்று சொல்லியிருப்பார். ஸ்டேஷனில் ரைட்டர் அதை எப்படி எழுதியிருப்பார்? "மாலை சுமார் 6.30 மணியளவில், சுமார் 50 மீட்டர் தொலைவிலிருந்து, மின் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன்." மின் விளக்கு எங்கிருந்து வந்தது? எல்லா வாக்குமூலத்திலும் வருகிற வழக்கமான வரி. கை தானாக எழுதிவிடும். கோர்ட்டில் எதிரித் தரப்பு வக்கீல் எழுந்து, "அந்தத் தெருவில் கரண்ட் கம்பமே இல்லையே பாட்டி?" என்பார். "இல்லைய்யா" என்பார் பாட்டி. முடிந்தது கதை. உண்மையைச் சொன்ன கிழவி பொய் சாட்சியாகிவிடுவார்.

ஜூனியராக இருந்தபோது என் சீனியர் இப்படிச் சாட்சிகளை உடைப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அது அவர் கடமை, அதில் தவறில்லை. நான் ஏ.பி.பி. ஆனபோது முதல் விசாரணையிலேயே சாட்சியை அவர் பாஷையில் பேச விடுவேன். வெளிச்சம் இருந்ததா என்று கேட்டால் அது விடையைக் காட்டும் கேள்வி, ஆட்சேபணை வரும். "எப்படிப் பார்த்தீங்க பாட்டி?" என்று மட்டும் கேட்பேன். "மேக்கால இன்னும் வெளிச்சம் இருந்துச்சு தாயி" என்று அவரே சொல்வார். அது அப்படியே பதிவாகும். ரைட்டர் போட்ட வரி பற்றிக் குறுக்கு விசாரணையில் கேள்வி வரத்தான் செய்யும். ஆனால் நீதிபதிக்கு எது பாட்டியின் வார்த்தை, எது ரைட்டரின் வார்த்தை என்று தெரிந்துவிடும். சாட்சிக்குச் சொல்லிக் கொடுப்பது வேறு, சாட்சியைப் பேச விடுவது வேறு. ஆங்கிலம் நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள், ஹைகோர்ட்டுக்கு வேண்டும். ஆனால் கீழ்க் கோர்ட்டில் உங்கள் பாட்டி பேசிய தமிழ்தான் சோறு போடும்.

இப்போது ஒரு வழக்கு. ஊர், பெயர் எதுவும் சொல்லப் போவதில்லை. 1996 என்று நினைவு. ஒரு தாலுகா கோர்ட்டில் இருந்தேன். கோயில் திருவிழாவில் தகராறு, ஒருவருக்குக் கை எலும்பு முறிவு, தலையில் காயம். ஐந்து பேர் எதிரிகள். கட்டு வந்ததும் பழைய பழக்கத்தில் மூன்று நேரத்தைப் பார்த்தேன். சம்பவம் இரவு எட்டு மணி. எஃப்.ஐ.ஆர். நள்ளிரவு தாண்டி. நடுவர் கைக்குப் போனது மறுநாள் மத்தியானம். சரி, ஏ.ஆர். காப்பி எங்கே? ஆவணப் பட்டியலில் காயச் சான்றிதழ் இருந்தது, ஏ.ஆர். காப்பி இல்லை. கட்டைப் புரட்டினால் நடுவில் மடித்துச் செருகியிருந்தது. இரவு ஒன்பதே கால் மணிக்கு டாக்டர் எழுதியது: தெரிந்த மூன்று நபர்கள் கட்டையால் தாக்கியதாக.

டாக்டரிடம் மூன்று பேர். மூன்று மணி நேரம் கழித்து எஃப்.ஐ.ஆரில் ஐந்து பேர். அந்த நான்காவது, ஐந்தாவது ஆட்கள் அண்ணன் தம்பி. தம்பி பாலிடெக்னிக் கடைசி வருஷம்.

இன்ஸ்பெக்டரைக் கேட்டேன். "மேடம், அது ஆஸ்பத்திரியில சும்மா எழுதறது. பட்டியல்லயே இல்லையே, விட்டுருங்க" என்றார். "சார், உங்க பட்டியல்ல இல்ல. என் கட்டுல இருக்கே" என்றேன். அவருக்குக் கோபம். "நீங்க எந்தப் பக்கம் மேடம்?" என்றார். "அரசுப் பக்கம் சார். அந்த ரெண்டு பசங்களும் அரசாங்கத்தோட குடிமக்கள்தானே?" என்றேன். அதை வீரமாகச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். அடுத்த ஆறு மாதம் அந்த ஸ்டேஷனிலிருந்து ஒரு சாட்சியை நேரத்துக்குக் கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஏ.ஆர். காப்பியைக் கோர்ட்டில் தாக்கல் செய்து, எதிரிகளுக்கு நகல் கொடுத்து, டாக்டர் மூலமாகக் குறியீடு செய்தேன். அடிபட்டவர் கூண்டில் ஏறினார். எத்தனை பேர் அடித்தது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். "அடிச்சது மூணு பேருங்கம்மா. மத்த ரெண்டு பேரு பேரையும் ஊர்ல பேசிச் சேத்தாங்க" என்றார். தீர்ப்பில் மூன்று பேருக்குத் தண்டனை, இரண்டு பேருக்கு விடுதலை. நீதிபதி ஒன்று எழுதினார்: அரசுத் தரப்பே இந்த ஆவணத்தை முன்வைத்ததால், மற்ற மூவரைப் பற்றி இந்தச் சாட்சி சொல்வதை நம்பத் தடையில்லை என்று. ஏ.ஆரை மறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எதிரித் தரப்பு எப்படியும் டாக்டரிடம் அதை வெளியே எடுத்திருக்கும். சாட்சி முழுப் பொய்யன் என்று வாதாடியிருப்பார்கள். அடித்த மூன்று பேரும் சேர்ந்தே வெளியே போயிருப்பார்கள்.

இதற்கு மூன்று வருஷம் கழித்து, 1999-இல், சிவ்குமார் எதிர் ஹுகம் சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. எப்படியாவது தண்டனை வாங்கியே தீர வேண்டும் என்ற வெறி அரசு வழக்குரைஞருக்குக் கூடாது, எதிரிக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டிய சாதகம் ஒன்றை அவர் வக்கீலே கவனிக்காமல் விட்டாலும் அதைக் கோர்ட்டின் பார்வைக்குக் கொண்டுவருவது அரசு வழக்குரைஞர் கடமை என்ற கருத்து அதில் இருக்கிறது. மாணவர்கள் அவசியம் முழுத் தீர்ப்பையும் படியுங்கள். தலைக்குறிப்பை மட்டும் படிக்காதீர்கள்.

உடனே ஒரு தம்பி மனசுக்குள் கேட்கிறார், எனக்குத் தெரிகிறது: "அப்படின்னா எல்லாரையும் விட்டுடலாமா மேடம்?" கூடாது. விடுதலை எல்லாமே நியாயமான விடுதலை அல்ல. 2014-இல் குஜராத் அரசு எதிர் கிஷன்பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு விடுதலையையும் ஆராய்ந்து, புலன்விசாரணையிலோ வழக்கு நடத்தியதிலோ யார் கவனக்குறைவாக இருந்தார் என்று கண்டுபிடித்து நடவடிக்கை எடுக்க மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. சாட்சி பிறழ்வது இன்னொரு பெரிய நோய். ஏன் பிறழ்கிறார்? பயம், பணம், சொந்தபந்தம் எல்லாம் உண்டு. ஆனால் நான் பார்த்ததில் பாதிப் பேர் அலுப்பில் பிறழ்ந்தவர்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருவார். டவாலி கூப்பிடுவார். வாய்தா. மறுபடி வருவார். மறுபடி வாய்தா. உட்கார பெஞ்சு இல்லை, பேட்டா கைக்கு வராது. நாலாவது தடவை, "எனக்கு ஒண்ணும் தெரியாது சாமி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். முதல் விசாரணை முடிந்த அன்றே குறுக்கு விசாரணையும் முடிய வேண்டும், காரணமில்லாமல் தள்ளக் கூடாது என்று 2015-இல் வினோத்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 2018-இல் சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை ஏற்று, நாடு முழுக்கச் செயல்படுத்தச் சொன்னது. புதுச் சட்டமும் மாநிலங்கள் அப்படித் திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது. இவையெல்லாம் தாளில் இருக்கின்றன. வந்த சாட்சியிடம் "சாப்டீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்பது ஏ.பி.பி. கையில் இருக்கிறது.

படிக்க வேண்டியது பற்றி இரண்டு வார்த்தை. 2024 ஜூலை 1 முதல் மூன்று புதுச் சட்டங்கள் வந்துவிட்டன. அதற்காகப் பழைய புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்கு இந்திய தண்டனைச் சட்டம்தான். ஆகவே இன்னும் பல வருஷம் 302-ம் வேண்டும், 103-ம் வேண்டும். ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்பது புது விதி. சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுக்க வேண்டும். செல்போன், சி.சி.டி.வி. இல்லாத வழக்கே இனி இருக்காது. அவற்றுக்கான சான்றிதழ், பழைய 65-பி, இப்போது சாக்ஷிய அதினியத்தில் 63, தலைகீழ்ப் பாடமாகத் தெரிய வேண்டும். நல்ல சாட்சியம் ஒரு தாள் இல்லாமல் குப்பைக்குப் போகும்.

மாணவர்களுக்கு என் வேண்டுகோள் சின்னது. வாரத்தில் ஒரு நாள் பக்கத்து நடுவர் கோர்ட்டில் போய் உட்காருங்கள். முடிந்துபோன வழக்கு ஒன்றின் கட்டைத் தெரிந்த வக்கீலிடம் கேட்டு வாங்கி, எஃப்.ஐ.ஆரிலிருந்து தீர்ப்பு வரை படியுங்கள். மூன்று நேரம், ஏ.ஆர். காப்பி, எதிரிக்கு ஆதரவாக அதில் என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். படிப்பு முடிவதற்குள் பத்துக் கட்டு படித்தால் போதும்.

கடைசியாக முன்வரிசைக்கு வருகிறேன். தோழர்களே, நான் இவ்வளவு நேரம் புகழ்ந்த அந்த ஐந்து வருஷத்துக்கு ஒரு விலை உண்டு. என் அப்பா பள்ளி ஆசிரியர். ஏழு வருஷம் எனக்குச் சோறு போட்டார், பஸ் காசு கொடுத்தார். அதனால் நான் கோர்ட்டில் நிற்க முடிந்தது. என்னைவிட நன்றாக வாதாடிய தோழி ஒருத்தி இரண்டாவது வருஷமே கோட்டைக் கழற்றிவிட்டு ஒரு கம்பெனிக் கணக்கு வேலைக்குப் போனாள். வீட்டில் வேறு வருமானம் இல்லை. இன்று அந்தக் கதவோரம் நிற்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் அவளைப் போல?

பதிவுக் கட்டணம் பழைய மாதிரி இல்லை. பார் கவுன்சில்கள் சட்டம் சொல்லும் 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. அதே வருஷம் ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி நம் மாநில பார் கவுன்சில் சுற்றறிக்கை அனுப்பியது: சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000. இங்கே உட்கார்ந்திருக்கும் சீனியர்களே, கையை உயர்த்தச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். உங்களுக்கே தெரியும்.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மட்டும்தான் ஐந்து வருஷம் தாக்குப் பிடிக்கும் என்றால், நாளைக்கு அரசுத் தரப்பு மேஜையில் அவர்கள் மட்டும்தான் உட்காருவார்கள். பேட்டா வாங்காமல் திரும்புகிற கூலிக்காரரின் பாஷை அந்த மேஜைக்குப் புரியாது. அதனால் சங்கத்துக்கு ஒரு யோசனை. மண்டபத்துக்கு ஏ.சி. போடுவது பற்றிக் காலையில் பேசினீர்கள். நல்லதுதான், வேர்க்கிறது. அதற்குமுன், வருஷத்துக்கு நான்கு பேர், குற்றவியல் பக்கம் போக விரும்பும் பிள்ளைகள், ஐந்தாண்டுக்கு ஆளுக்கு ஒரு சீனியர், சீனியர் கொடுப்பது போதாவிட்டால் மீதியைச் சங்கம் ஈடுகட்டுவது என்று ஒரு தீர்மானம் போடுங்கள். முதல் பிள்ளைக்கான முதல் வருஷப் பங்கை என் ஓய்வூதியத்திலிருந்து தருகிறேன். காசோலையைப் பொருளாளரிடம் காலையிலேயே கொடுத்துவிட்டேன். அவர் இன்னும் ரசீது தரவில்லை.

பேச்சு அரை மணிக்குள் முடிந்துவிட்டது. சாப்பாடு தயார் என்று சமையற்காரர் கதவோரம் நின்று ஜாடை காட்டுகிறார். கதவோரத்துப் பிள்ளைகளே, இன்றைக்காவது நீங்கள் முதல் பந்தியில் உட்காருங்கள்.